வாங்கினால் வளரும் செடி

காட்டேரிக்குப்பத்தில் காலை டவுன் பஸ் வருவதற்குள் காசம்மாள் சோறு வடித்து, தனக்கும் மகளுக்கும் டப்பாவில் கட்டிவிட வேண்டும். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை அவளுக்கு. அன்றைக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி மணி அடித்தது. பானையை அப்படியே சாய்த்து வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

திரையில் ஒரு சின்னச் செடி. இலைகள் தொங்கிப் போயிருந்தன. கீழே, ‘உங்கள் செடி வாடுகிறது’ என்று எழுதியிருந்தது.

அந்த வரியை எழுதியவள் அவள் மகள் ஸ்டெல்லாதான்.

புதுச்சேரியில் ஒரு சிறிய நிறுவனத்தில் செயலிகளை வடிவமைக்கும் வேலை ஸ்டெல்லாவுக்கு. அவள் செய்த செயலிக்கு ‘துளிர்’ என்று பெயர். மூங்கில் பிரஷ், சணல் பை, மூலிகை சோப்பு என்று மண்ணுக்குக் கேடில்லாத பொருட்களை அதில் வாங்கினால் செடி வளரும். சில நாள் எதுவும் வாங்காவிட்டால் வாடும். ஜனங்களை இப்படியாவது பிளாஸ்டிக்கிலிருந்து திருப்பிவிடலாம் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். செடி வாடவேண்டும் என்ற யோசனையும் அவளுடையதே. செயலி வெளிவந்த அன்று பெருமையோடு முதலில் அம்மாவின் கைப்பேசியில்தான் ஏற்றிக் கொடுத்தாள்.

காசம்மாள் அதுவரை தேவையில்லாமல் ஒரு பொருளும் வாங்கியவள் அல்ல. கிழிந்த புடவையில் பை தைத்துக்கொள்வாள். கைப்பிடி உடைந்த பக்கெட்டுக்குக் கயிறு கட்டுவாள். தேய்ந்துபோன சோப்புத் துண்டைப் புது சோப்போடு ஒட்டித் தேய்ப்பாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு, வேலை முடிந்து திரும்பினால் பூட்டிய வீடுதான் அவளை வரவேற்கும்; ஸ்டெல்லா வந்து சேர இரவாகிவிடும். அந்த வீட்டில், அவள் கவனித்தால் பிழைத்து, கவனிக்காவிட்டால் வாடுகிற ஒன்று வந்து சேர்ந்தது. அவள் அதை விடவில்லை.

முதலில் ஒரு சீப்பு வந்தது. அந்தச் சின்னச் சீப்புக்கு முழங்கை நீள அட்டைப்பெட்டி, உள்ளே காற்றடைத்த பிளாஸ்டிக் உறைகள். பிறகு பைகள், பிரஷ்கள், தேங்காய் நார்கள். கட்டிலுக்கடியில் பிரிக்காத பார்சல்கள் சேர்ந்தன. கேண்டீனில் கூட வேலை செய்யும் ரோஸ்லினும் மற்ற பெண்களும் சாப்பாட்டு வேளையில் யார் செடி உயரம் என்று காட்டிக்கொண்டார்கள். ஸ்டெல்லா இதையெல்லாம் கேட்டுச் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து திரும்பியபோதுதான் அவள் சிரிப்பு நின்றது. தெருக்கோடிக் குப்பைமேட்டில் யாரோ பார்சல் உறைகளைக் கொளுத்தியிருந்தார்கள். கறுப்புப் புகை கரும்புக் கொல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் புகைக்குள் நின்று அம்மா நல்ல பக்கெட்டுகளையும் குடத்தையும் வீசிக்கொண்டிருந்தாள்.

“ஒழுவுதாம்மா அது?” என்றாள் ஸ்டெல்லா.

“ஒழுவலடி. பிளாஸ்டிக்கு ஆவாதுன்னு நீதான சொன்ன? தகர வாளி வருது. அது வந்தா செடி பூ வுடுமாம்.”

மறுநாள் ஸ்டெல்லா நிறுவனத்தை நடத்தும் ராஜ்மோகனிடம் போய் நின்றாள். எதுவும் வாங்காதவர்களின் செடி வாடக்கூடாது, பழையதைப் பழுது பார்த்துப் பயன்படுத்துகிறவர்களுக்கும் அது வளரவேண்டும் என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. பொருள் விற்றால்தான் கடைக்காரர்கள் நமக்குப் பங்கு தருகிறார்கள், செடி வாடாமல் விட்டுப் பார்த்தபோது பாதிப்பேர் செயலியைத் திறக்கவே இல்லை என்று எடுத்துச் சொன்னார்.

“வாங்காதவங்களுக்கும் செடி வளந்தா நம்ம சம்பளத்த யாரு குடுப்பா? எனக்கும் வேற வழி தெரியல ஸ்டெல்லா,” என்றார்.

அன்றைக்கு அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வாடிய இலையின் நுனியில் ஒரு கண்ணீர்த் துளி வரைவது. வேண்டாம் என்று எழுந்து போக அவளால் முடியவில்லை. வரைந்தாள். நன்றாகவே வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கைப்பேசியிலிருந்து செயலியை அழித்தாள். காசம்மாள் திட்டவில்லை. தட்டில் போட்ட சோற்றை மட்டும் மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே ரோஸ்லின் செயலியைத் திரும்ப ஏற்றிக் கொடுத்துவிட்டாள். பழைய செடி வரவில்லை. இரண்டு இலையோடு புதுக் கன்று ஒன்று நின்றது. விட்ட உயரத்தைப் பிடிக்க காசம்மாள் முன்னைவிட அதிகமாக வாங்கத் தொடங்கினாள்.

பார்சல் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் ஸ்டெல்லா ஒருநாள் உட்கார்ந்தாள். அட்டையை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

“நல்ல பொருளா பாத்துப் பாத்து வாங்கறதால பூமி பொழைக்காதும்மா. இருக்கறது ஒழைக்கிறவரைக்கும் ஒழைக்க வுட்டு, மத்தத வேணாம்னு சொல்றதுதான் பூமிக்கு நல்லது. நீ காலம் பூரா அப்படித்தான் இருந்த. அது நல்லதுன்னு உனக்கு யாரும் சொல்லல. நானும் சொல்லல.”

காசம்மாள் அட்டையை மடித்து ஓரமாகத் தள்ளினாள்.

“நீ சொல்றது புரியாம இல்லடி,” என்றாள். “ஆனா நாலு நாள் எதுவும் வாங்காம இருந்தா, வூட்டுல யாரையோ பட்டினி போட்டாப்புல இருக்குது. இத இன்னா பண்றதுன்னு சொல்லு.”