இங்கே பூக்காத பூ

இது நம் ஊரில் பூக்கிற பூ இல்லை. இல்லைதானே?

ஜைனப் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு எழுந்த ஊதாநிறப் பூ. ஓர் இலைகூடப் பக்கத்தில் இல்லை. லான்மடாவ் சந்தையின் பூக்கூடைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். மல்லிகை, ரோஜா, ஆர்க்கிட், இந்த மாதத்து மஞ்சள் படாவ். எதிலும் இது இல்லை.

மகன் ஜுல்ஃபிகர் கிளம்பும்போது பேசிவைத்த அடையாளம் அது. ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கும் வயது அவனுக்கு. விமான நிலையத்திலேயே பையன்களைத் திருப்பிவிடுகிறார்கள். தெருவில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். அதனால் எழுத்தும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். கொரியா போய்ச் சேர்ந்ததும் நம் ஊரில் இல்லாத ஒரு பூவைப் படமெடுத்து அனுப்பு என்றிருந்தாள். சொல்லும்போது எளிதாக இருந்தது. அவன் போன பிறகுதான், எல்லா ஊரிலும் ரோஜா இருக்குமே என்று பயம் வந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள். தண்டு முழுக்க மெல்லிய வெள்ளை முடி, குளிருக்குப் போர்த்திக்கொண்டதுபோல. இங்கே எந்தப் பூவுக்குப் போர்வை வேண்டியிருக்கிறது? திடீரென்று அவளுக்குப் பசித்தது.

கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த கணவரிடம் ஓடினாள். "என்னங்க, புள்ள போய்ச் சேந்துட்டான்."

உதுமான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்." திரையில் விரலை வைத்தார். "என்னா பூவுடி இது, முடியெல்லாம் மொளச்சிருக்கு? ஒன் மவன் தாடியாட்டம்."

"அவனுக்கு இதவிட நெறயவே இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் குரல் தணிந்தது. "சரி, பாத்தாச்சுல்ல. அழிச்சிரு."

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வழியில போனக் கேப்பான். எந்த ஊருப் பூவும்பான், யாரு அனுப்புனாம்பான். சொல்றதக் கேளு ஜைனப்பு."

அவர் சொல்வது நியாயம்தான். அவன் சட்டைகள், செருப்பு, சுவரிலிருந்த போட்டோ, எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே அப்புறப்படுத்தியிருந்தாள். வீட்டில் அவன் இருந்த தடமே இல்லை.

"போனு வீட்டுலயே கெடக்கட்டும். நான் வெளிய எடுத்துட்டுப் போவல."

"இங்க குடு."

உதுமான் கை நீட்டினார். ஜைனப் அந்தக் கையில் தண்ணீர்க் குவளையை வைத்தாள். போனைக் கூஜாவில் சாய்த்து நிறுத்திவிட்டுத் தனக்கும் சோறு போட்டுக்கொண்டாள். திரை மங்கும்போதெல்லாம், சோறு ஒட்டாத இடது கை விரலால் தொட்டாள். சருகுகளுக்கு நடுவே பூ மறுபடி வெளிச்சமானது.