கன்னத்து மறு

கல்முனையில் புதிதாகத் திறக்கவிருந்த நூதனசாலையிலிருந்து முஸ்பிறா மூன்று நாளாக வந்து போனாள். ஸைனுலாப்தீனின் ஸ்டூடியோவில் நாற்பது வருடமாகச் சேர்ந்திருந்த நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, கடதாசி உறையில் போட்டு, இலக்கமிட்டாள். ஸைனுலாப்தீனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். நெகட்டிவ் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்களைத் திறந்து திறந்து, "இவர்ர மீசைக்கு நான்தான் மை பூசின" என்று கதை சொல்லி அவளுடைய வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஸ்மியா பிளேன்டிக் கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். ஒரு கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் அது வந்தது.

"மாமி, எல்லா டின்னும் பாத்திட்டன். ஆம்புளயள் இரிக்காங்க, புள்ளயள் இரிக்காங்க. ஒரு மாடு கூட இரிக்கி. பொம்புளயள் ஒராளையும் காணல்லயே."

பெண்களை எடுத்தது அஸ்மியாதான். பெயர்ப்பலகையில் ஸைனுலாப்தீனின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது; அது வேறு கதை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்களெல்லாம் பள்ளிக்குப் போனதும் தெரு வெறிச்சோடிவிடும். அந்த ஒரு மணித்தியாலத்தில் பின்கதவால் பெண்கள் வருவார்கள். எடுப்பதும் கழுவுவதும் அஸ்மியா. அடுத்த வெள்ளி படத்தை வாங்க வரும்போது, அவர்களுடைய கண்ணுக்கு முன்னாலேயே நெகட்டிவைக் கத்தரியால் வெட்டி அடுப்பில் போடுவாள். உன் முகம் இனி ஒருத்தர் கைக்கும் போகாது என்பது அவள் கொடுத்த வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் அத்தனை பேரும் வந்தார்கள்.

"என்ட உம்மாவும் இஞ்சதான் படம் எடுத்தவவாம். சாச்சா சொன்ன," என்றாள் முஸ்பிறா. "சாய்ந்தமருதில தச்சுவேல செய்த காலிதீன்ட பொஞ்சாதி. ஸுனாமியில ரெண்டு பேரும் மௌத்து. ஊட்டோட படமெல்லாம் போயிற்று. எனக்கு அப்ப நாலு வயசு. உம்மாட முகம் ஞாபகத்தில இல்ல மாமி."

விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். இந்த வேலையை அவள் எதற்காகக் கேட்டு வாங்கினாள் என்று அஸ்மியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தேத்தண்ணி ஊற்றப் போவதாகச் சொல்லி எழுந்தாள். ஸைனுலாப்தீன் பின்னாலேயே வந்தார்.

"பொம்புளயள்ட டின்னக் கடல் கொண்டு போயிற்று எண்டு சொல்லு. புள்ள மனசாறிப் போகும்."

"கடல் எடுத்தது போதாதா? நான் எரிச்சதையும் அதிட தலையில போடச் சொல்றீங்களா?"

தேத்தண்ணிக்கு அவரே தண்ணீரை அடுப்பில் வைத்தார். நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று மட்டும் நன்றாகப் பழகியிருந்தார்.

அஸ்மியா திரும்பிப் போய், முஸ்பிறாவுக்கு எதிரே உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். "என்ட கையாலதான் வெட்டினன் மகள். என்ட கையாலதான் எரிச்சன்."

"சரி மாமி. உம்மாவுக்குக் குடுத்த வாக்குத்தானே," என்று சொல்லிவிட்டு முஸ்பிறா அடுத்த நெகட்டிவை எடுத்துத் துடைத்தாள். அவள் கோபித்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் அஸ்மியாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. வாக்கைக் காப்பாற்றியதற்காக அவள் முதல்முறையாக வருந்தினாள்.

குசினியில் நின்று அழுது முடித்த பிறகுதான் கொப்பியின் ஞாபகம் வந்தது.

அலுமாரிக்கு மேல், தடித்த மட்டை போட்ட பழைய சீ.ஆர். கொப்பி. டச்சிங் கொப்பி என்பார்கள். நெகட்டிவில் கூர்ப் பென்சிலால் தொட்டு முகத்துத் தழும்பையும் புள்ளியையும் மறைப்பது டச்சிங். எதை மறைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பெண்கள் சொல்லச் சொல்ல அஸ்மியா எழுதி வைத்தது. அடுப்புக்குப் போகாத ஒரே சாமான் அதுதான். பெண்களின் பெயர்கூட அதில் இல்லை. புருசன் பெயரோ வாப்பா பெயரோதான்.

ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டினாள். நெற்றித் தழும்பை எடுக்கட்டாம். கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுக்கட்டாம், மாமியார் பார்த்தால் ஏசுவாவாம். 2003 ஆடி மாதத்தில் விரல் நின்றது. கொப்பியை முஸ்பிறாவின் மடியில் வைத்தாள்.

சாய்ந்தமருது, காலிதீன் பொஞ்சாதி. 4 பிரதி. கன்னத்து மறுவை எடுக்க வேணாமாம். மகள் அதத் தடவித் தடவித்தான் நித்திரை கொள்றாவாம். எடுத்தா படத்த உம்மா எண்டு ஒத்துக்கொள்ள மாட்டாவாம்.

முஸ்பிறா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஸைனுலாப்தீன் பிஸ்கட் டின்னை மூடி வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"எந்தப் பக்கக் கன்னம் எண்டு போடல்லயே மாமி."

எழுதியிருக்கவில்லைதான். ஆனால் அஸ்மியா நெகட்டிவை மட்டும் பார்த்தவளல்ல, எதிரே உட்கார்ந்து சிரித்த முகத்தையும் பார்த்தவள். கையை நீட்டி, முஸ்பிறாவின் இடது கன்னத்தில், உதட்டு முனைக்குச் சற்று மேலே, விரலை வைத்தாள்.

"இஞ்சதான் மகள்."