பத்து மணி வகுப்புக்கு மாமியார்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வாசலில் மாமியார் வந்து நின்றதைப் பார்த்ததும் மருமகள் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்தாள். புதுக் கான்வாஸ் ஷூ, இறுக்கி முடிந்த கொண்டை, கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய முட்டி, வாசற்படியை ஒரே தாவலில் தாண்டி உள்ளே வந்தது.

மருமகள் மட்டும் என்ன, அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடா? இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டு அவளும் ஆறு மாதமாக இங்கேதான் டீச்சர் வேஷத்தில் வந்துகொண்டிருந்தாள். போலீஸ் உளவுப் பிரிவில் இருப்பவள். அது கணவனுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான வாரமே அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தான். "எங்க அம்மா காதுல மட்டும் போட்டுடாதே. அவங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான், தெருவுல மைக் கட்டிச் சொல்றதும் ஒண்ணுதான்." அன்றிலிருந்து அவள் மாமியாரிடம் அளந்துதான் பேசுவாள். வாயைத் திறந்தால் எது வழுக்கி விழுமோ என்று பயம்.

இன்றைக்கென்று பார்த்தா இந்த அம்மாள் வரவேண்டும்?

பயிற்சிப் பள்ளியின் முதலாளியை எல்லோரும் 'சிரிச்ச மூஞ்சி' என்பார்கள். இடி விழுந்தாலும் அந்தச் சிரிப்பு கலையாது. வெளியே பள்ளி, உள்ளே போலி மருந்து வியாபாரம். குழந்தைகளுக்கான இருமல் மருந்து என்று சாயத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, பயிற்சிக் கார்களின் டிக்கியில் போட்டு ஊர் முழுக்க அனுப்புவான். 'எல்' போர்டு மாட்டிய காரை எந்தப் போலீஸ்காரர் நிறுத்துவார்? தள்ளி நின்று வழிவிடுவார், உயிர்மேல் ஆசை இருக்காதா. ஆனால் சிரிச்ச மூஞ்சி தன் கையால் ஒரு பாட்டிலைக்கூடத் தொட்டதில்லை. அதனால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்றுதான் தொடப் போகிறான். அசல் கம்பெனியின் மூடிமேல் இருப்பது போலவே முத்திரை குத்தும் அச்சுகள் அவனிடம் இருந்தன. வியாபாரத்தின் உயிரே அவைதான். அவற்றைக் கிடங்குத் தெருவில் வேறு இடத்துக்கு மாற்ற, யாரையும் நம்பாமல் தானே பையில் எடுத்துக்கொண்டு, பத்து மணி வகுப்புக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போவதாகத் திட்டம். பை அவன் கையில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். தவறினால் அச்சுகள் போய்விடும், அவனும் போய்விடுவான், சாயத் தண்ணீர் மட்டும் குழந்தைகளின் தொண்டைக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

பத்து மணி மாணவியாகத் துறையிலிருந்தே ஒருத்தியை ஏற்பாடு செய்திருந்தார்கள். சிரிச்ச மூஞ்சி கடைசி நேரத்தில் அவளை மாற்றிவிட்டான். யாராலும் ஏற்பாடு செய்திருக்க முடியாத ஓர் ஆள் வேண்டுமென்று, காலையில் போன் செய்து விசாரித்த ஏதோ ஓர் அம்மாளை உடனே வரச் சொல்லிவிட்டான். அந்த ஏதோ ஓர் அம்மாள்தான் இப்போது மருமகளைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

மருமகள் தலையை அசைக்கவில்லை, கண் காட்டவில்லை. சிரிச்ச மூஞ்சி பக்கத்திலேயே இருந்தான். வெறுமே மாமியாரின் கண்ணைப் பார்த்தாள். வேண்டாம் அத்தை, தயவுசெய்து வேண்டாம் என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

"இவங்கதான்மா உங்க டீச்சர்" என்றான் சிரிச்ச மூஞ்சி.

மாமியார் வாயை மூடினாள். மருமகளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தாள்.

"இந்தப் பொண்ணா? ஊதினா பறந்துடும் போலிருக்கே. வேற ஆள் இல்லையா உங்ககிட்ட?"

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கொஞ்சம் ரோஷமும் வந்தது.

காரில் மாமியார் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் மருமகள். பயிற்சிக் காரில் டீச்சர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, அதில் பாதத்தை வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் சிரிச்ச மூஞ்சி, மடியில் பை. கார் ஆமையைப் பார்த்துப் பழகியது போல நகர்ந்தது. பின்னால், தள்ளியே, பால்வண்டி வேஷத்தில் துறையின் வண்டி வந்துகொண்டிருந்தது. கிடங்குத் தெரு முனையில் அது குறுக்கே வந்து மறிக்க வேண்டும்.

"ஏம்மா, உனக்கு மாமியார் இருக்காங்களா?" என்றாள் மாமியார், பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

"இருக்காங்க. கிளட்சை மெதுவா விடுங்க."

"உன்னைப் பார்த்தா அவங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசாத பொண்ணு மாதிரி இருக்கே."

பின்சீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மருமகளுக்குக் காது சூடானது. "பேசினா ஊருக்கே தெரிஞ்சிடும்மா. அதான் பேசறதில்லை."

"ஊருக்குத் தெரிஞ்சா என்ன? அந்த அம்மா நல்லதாத்தானே சொல்லியிருப்பாங்க. என் மருமக கெட்டிக்காரின்னு சொல்லிக்க அவங்களுக்கு ஆசை இருக்காதா? சொல்றதுக்கு நீ ஏதாவது கொடுத்தாத்தானே?"

மருமகள் ரோட்டையே பார்த்தாள். ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டும் வராத பேச்சு, ஒரு திருடனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வருகிறது. "எதிர்ல சைக்கிள்" என்று மட்டும் சொன்னாள். "நானும் ஒண்ணு கேக்கறேன். இந்த வயசுல எதுக்கும்மா டிரைவிங்?"

"கடைக்குப் போகணும்னா மகனைக் கேக்கணும், டாக்டர்கிட்ட போகணும்னா மகனைக் கேக்கணும். அவன் 'இதோ வரேன்'னு சொல்லிட்டுச் சாயங்காலம் வருவான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

"மருமகளைக் கேக்கலாமே."

"அவதான் முகமே கொடுக்கறதில்லையே."

சிரிச்ச மூஞ்சி விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தவன், அந்தப் பால்வண்டியைக் கவனித்துவிட்டான். இத்தனை ஆமை வேகத்தில் போகும் ஒரு காரை முந்தாமல் எந்தப் பால்வண்டி பின்னாலேயே வரும்?

அவன் முகத்தில் சிரிப்பு அணைந்ததை மருமகள் கண்ணாடியில் பார்த்தாள். ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"லெஃப்ட்ல திருப்புங்க. இந்தச் சந்துல. சீக்கிரம்."

"இண்டிகேட்டர் போடணுமே" என்றாள் மாமியார்.

"போடாம திருப்புங்க."

"போடாம திருப்பக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களே."

ஒருவழியாகக் கார் சந்துக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர்கள். கொஞ்ச தூரம் போனதும் இஞ்சின் ஒரு உதறு உதறிவிட்டு நின்றது. மாமியார் சாவியைத் திருப்பினாள், மறுபடி உதறியது. சிரிச்ச மூஞ்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"இறங்குங்க, நான் ஓட்டறேன்" என்று சொல்லி, பையோடு கீழே குதித்து டிரைவர் பக்கம் சுற்றி வந்தான். மாமியார் நிதானமாக எல்லாக் கதவையும் பூட்டினாள். கண்ணாடியை விரலளவு இறக்கி, "வகுப்பு இன்னும் முடியலையே தம்பி" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். புரிந்துவிட்டது. முன்னால் ஓடினால் கார் துரத்தும், பால்வண்டி இன்னும் சந்துக்குள் வரவில்லை என்று, திரும்பி வந்த வழியே ஓட்டம் பிடித்தான்.

"அத்தை, ரிவர்ஸ்."

"அது இன்னும் சொல்லிக் கொடுக்கலையே நீ."

"இப்ப சொல்றேன். கிளட்சை மிதிங்க. சாவியைத் திருப்புங்க. கியர்ல கையை வைங்க." மருமகள் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துத் தள்ளினாள். "இப்ப விடுங்க, ஆக்ஸிலேட்டர், திரும்பிப் பாருங்க, எனக்குப் பின்னாடி பாருங்க."

கார் பின்னால் பாய்ந்தது. நேராகப் போயிருந்தால் அவன் தப்பியிருப்பான். அது இந்தச் சுவரில் உரசி, அந்தச் சுவரில் இடித்து, குடித்தவன் நடையில் வந்தது. எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அந்தப் பக்கமே வருகிற காரிடமிருந்து மனுஷன் எங்கே ஒதுங்குவான்? பல்லி மாதிரிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மருமகள் தன் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். சந்தை அடைத்துக்கொண்டு கார் குறுக்கே நின்றது. காருக்கும் சுவருக்கும் நடுவே முக்கோண இடத்தில் சிரிச்ச மூஞ்சி, நெஞ்சோடு அணைத்த பையுடன்.

"அத்தையா?" என்றான் அவன், நம்ப முடியாமல்.

மருமகள் இறங்கிப் போய், எந்த அவசரமும் இல்லாமல், அவன் கையையும் பையையும் சேர்த்தே பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பால்வண்டியில் வந்தவர்கள் உள்ளே நுழைய வழியில்லாமல் காரின் மேல் ஏறிக் குதித்தார்கள். அதில் மேலதிகாரியின் பேன்ட் முழங்காலில் கிழிந்தது. பையைத் திறந்து பார்த்தபிறகு அவருக்கு அந்தக் கிழிசல்கூடப் பெருமையாக இருந்தது.

மாமியார் இன்னும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலதிகாரி குனிந்து, பணிவாகப் பேசினார்.

"பயந்துட்டீங்களாம்மா? உங்களை இப்படிச் சிக்க வச்சதுக்கு மன்னிச்சுக்கணும். இங்க பார்த்ததை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா இந்தப் பொண்ணைப் பத்தி."

"எந்தப் பொண்ணு?"

"இதோ, உங்க டீச்சர்."

"இவங்களா? இன்னிக்குத்தான் சார் பார்க்கறேன். பேருகூடத் தெரியாது."

"அத்தைன்னு கூப்பிட்டாங்கன்னு அந்த ஆள் கத்தறானே?"

"பெரியவங்களை மரியாதையா அத்தைன்னு கூப்பிட்டா அதுவும் தப்பா?" மாமியாரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. "நல்லா வளர்த்திருக்காங்க பொண்ணை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மருமகள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வாய்க்குப் பயந்தா இத்தனை நாள் உம்மென்று இருந்தோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது.

"சார்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இவங்க என் மாமியார்."

மேலதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியாரோ விருட்டென்று திரும்பினாள். வீட்டில் ஒருநாளும் எடுத்துக்கொள்ளாத உரிமையோடு கேட்டாள்.

"ஏண்டி, அவர் யாரு என்னன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, பொசுக்குன்னு இப்படியா போட்டு உடைப்பே? உன் வாயில ஒரு ரகசியம் தங்காதா?"