மாயாண்டி நடிக்காத அன்று

மலாயாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், போனவர் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க ஜப்பான்காரன் லாரி வரும்போதெல்லாம் மாயாண்டிக்கு மாரடைப்பு வந்துவிடும். இடது மார்பைப் பிடித்துக்கொண்டு அலறுவான். தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் விழுந்து, கண்ணைச் செருகி, காலை உதைப்பான். பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது அவன் மனைவி பஞ்சாலையின் பங்கு. ஒப்பாரிக்கு நடுவிலேயே, "கை வலப்பக்கம் போயிருச்சு, மாத்துங்க" என்று திருத்தமும் சொல்வாள்.

உண்மையில் அவனுக்கு இருந்தது இனிப்பு நீர் வியாதி. அவன் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பஞ்சாலை போய்ச் சொன்னதும், தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் அலெக்சாண்டர் சோதித்துப் பார்த்து உறுதி செய்திருந்தார். ஜப்பான் சண்டை வந்த பிறகு அதற்கு மருந்து கிடைக்கவில்லை.

ஒருநாள், ரப்பர் மரங்களை வெட்டிய காட்டில் எல்லோரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த குளிர். மாயாண்டி மட்டும் குளித்தவனைப் போல வேர்த்துக்கொட்ட, ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

"லாரியே வரல. யாருக்குப்பா நடிக்கிற?" என்றார் கங்காணி ராமசாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

பஞ்சாலை அருகே போனாள். "மாரு வலிக்குதா?"

"மாரெல்லாம் ஒண்ணும் இல்ல புள்ள. தாடைதான் பல்வலி மாதிரி கடுக்குது. வயித்தப் பொரட்டுது. உக்காந்திருக்கவே மூச்சு வாங்குது."

முணுமுணுப்பாகத்தான் சொன்னான். பஞ்சாலை கங்காணி பக்கம் திரும்பினாள்.

"கங்காணியாரே, வண்டியக் கட்டச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"அவன் நடிப்பு எனக்குத் தெரியாதா?"

"ஒங்களவிட எனக்குத் தெரியும். கத்துக் கொடுத்தது நானு. இவரு நடிச்சா அடுத்த தோட்டம் வரைக்கும் கேக்கும். இப்பச் சத்தமே இல்ல."

கங்காணியின் சிரிப்பு நின்றது. ரப்பர் பால் ஏற்றும் மாட்டுவண்டி வந்தது. நடந்தே வருகிறேன் என்று எழுந்தவனைப் பஞ்சாலை தோளைப் பிடித்து அழுத்தி, நாலு பேரை வைத்துத் தூக்கிக் கிடத்தினாள்.

அலெக்சாண்டர் நாடி பிடித்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். "இருதயம்தான்" என்றார்.

"நெஞ்சு வலியே இல்லையேங்க" என்றான் மாயாண்டி. இவ்வளவு பெரிய வியாதி தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்ததில் அவனுக்கு வருத்தம்.

"இனிப்பு நீர்க்காரங்களுக்கு நரம்பு மரத்துப் போயிரும். நெஞ்சு வலிக்காமலே வரும். காரணமில்லாத வேர்வை, மூச்சு முட்டல், கொமட்டல், தாடைக் கடுப்பு, இதெல்லாம் பாத்தா ஒடனே தூக்கிட்டு வரணும். நடக்க விடக்கூடாது. இந்தம்மா சரியாத்தான் செஞ்சிருக்கு. இனி அசையாமப் படுத்திரு."

மூன்றாம் நாள் லாரி வந்தது. சிப்பாய் ஒருவன் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்தான். பழக்க தோஷத்தில் மாயாண்டியின் கை மார்புக்கு எழும்ப, பஞ்சாலை அதைப் பிடித்துப் பாயோடு அழுத்தினாள். "அசையக்கூடாதுன்னாரு." அவன் அசையாமல் கிடந்தான். முகத்தில் ஒரு நோயும் தெரியவில்லை.

"மாலாஸ்," என்றான் சிப்பாய். சோம்பேறி என்று அர்த்தம். போர்வையை இழுக்கக் கையை நீட்டினான்.

அலெக்சாண்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "காலரா" என்றார்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அடுத்த நிமிடம் சிப்பாய் வெளியே குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். லாரி அன்று யாரையும் ஏற்றாமலே புறப்பட்டுவிட்டது.

மாயாண்டி பிழைத்துக்கொண்டான். கனத்த வேலை கூடாது என்று டிரஸ்ஸர் சொல்லிவிட்டதால், நாற்றங்காலில் களை பிடுங்கும் கிழவிகளோடு அவனைச் சேர்த்தார்கள். முதல் நாளே அவர்களிடம் தன் நோயைப் பற்றி விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தான். களையைப் பிடுங்கு என்று சொல்லிவிட்டார்கள்.