ஏரி இடது கைப்பக்கம்

ஐயம்பேட்டையிலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக்கு முனிசாமியின் ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம். கதை நன்றாக அமைந்துவிட்டால் முப்பது. நடுவழியில் ஏறுகிறவர்கள் பாதியிலிருந்து கேட்பார்கள், நடுவழியில் இறங்குகிறவர்கள் பாதியோடு போவார்கள். அதனால் எந்த நிறுத்தத்தில் வெட்டினாலும் ஒரு சிரிப்பாவது கையில் கிடைக்கும்படி அவர் கதையைக் கட்டி வைத்திருப்பார். பெருவெள்ளம் வந்த வருஷம் பாலாற்று விரால் மீன் ஒன்று தன் ஆட்டோவில் ஏறி முத்தியால்பேட்டையில் இறங்கிக்கொண்டதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோடு அசையாது.

"நெசமாவா அண்ணே?" என்று யாராவது கேட்டால், "நானு ஏம்மா பொய் சொல்லப் போறேன்? எறங்க வேண்டிய எடம் வந்ததும் வாலால கம்பியத் தட்டுச்சி. நிறுத்தினேன்" என்பார்.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை பரசுராமனுடையது. முனிசாமியின் கதைகளுக்குச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, "அந்த மீனு எறங்கி எந்தப் பக்கமா போச்சி? கெழக்காலயா, மேக்காலயா?" என்று மட்டும் கேட்பார்.

அவருக்குத் திசைதான் முக்கியம். நில அளவையில் செயின்மேனாக முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சுற்றுப்பட்டு ஊர்களில் வரப்புத் தகராறு என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா கூலிக்கு நாற்று சுமந்த அதே வரப்புகளில் நின்றுகொண்டு, "கல்லு இங்க இருக்குது, தோண்டு" என்று கை நீட்டுவார். பெரிய பெரிய மீசைகள் வாயை மூடிக்கொண்டு தோண்டும். கல் இருக்கும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்தப் பக்கத்து இருக்கை நாலு மாதமாகக் காலி. அதன்மேல் ஒரு சிவப்புத் துண்டு மடித்துக் கிடக்கிறது. யாரையும் உட்கார விடுவதில்லை முனிசாமி.

புரட்டாசியில் நடந்தது அது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பரசுராமனின் மகள் ஜோதிகா, நீலகிரியில் மலைநடைக்கு அப்பாவுக்கும் அவருடைய சிநேகிதர் முனிசாமிக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்தாள். ஊட்டிக்கும் மேலே, வண்டி போகாத இடம். வழிகாட்டியாக ஒரு வனக்காவலர். நடக்க எட்டுப் பேர்.

முதலில் ஒரு புல்மேடு. மூச்சு வாங்க ஏறி முடித்தால் அதற்குப் பின்னால் இன்னொரு புல்மேடு. இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருந்த மடிப்பில் மட்டும் சோலைக்காடு ஒளிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் காலை பத்து மணி சாயங்காலம் ஆறு மணியாகிவிட்டது. மரத்துக்கு மரம் பாசி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. வெளியே வந்து பார்த்தால் முனிசாமியின் கால்களில் ஏழு அட்டைகள். பரசுராமன் காலில் ஒன்றுகூட இல்லை.

"உன் ரத்தத்துல கதை ஓடுதுபா. அதான் வரிசையில வந்து கேக்குதுங்க" என்றார் பரசுராமன். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் அடித்த நகைச்சுவை அது ஒன்றுதான். முனிசாமி மலையே அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு திரும்பி ஊருக்கு வந்திருக்கலாம்.

காட்டுக்கு அப்பால் ஏரி. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஏரி என்றால் கரை வேண்டும், மதகு வேண்டும், கரைமேல் ஒரு சாமி வேண்டும். இதற்கு எதுவும் இல்லை. மேகம் இறங்கி வந்து தண்ணீர்மேல் படுத்திருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தில் பேசவே கூச்சமாக இருந்தது முனிசாமிக்கு. அவர் வாழ்க்கையில் அது புதுசு.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி வனக்காவலர் சொன்னார்: "வேணுங்கிறவங்க ஏரியைச் சுத்திட்டு வரலாம். ஆனா ஏரி எப்பவும் உங்க இடது கைப்பக்கம்தான் இருக்கணும். அந்தக் கோடியில சதுப்பு இருக்கு. இடதா வெச்சு வந்தீங்கன்னா எச்சரிக்கைப் பலகை எதிர்ல தெரியும், மேட்டுப் பாதையில ஏறிடலாம். மாத்திப் போனா பலகையோட முதுகுதான் தெரியும்."

முனிசாமி எழுந்தார். ஏரியை வலது கைப்பக்கம் வைத்து நடக்கத் தொடங்கினார்.

"எங்க போற? அந்த ஆளு இன்னா சொன்னாரு? ஏரிய எடதா வெச்சிப் போவணும்." என்று பின்னாலேயே வந்தார் பரசுராமன்.

"எடதா வெச்சி சுத்தறது சாவு வூட்லதான். இவ்ளோ பெரிய தண்ணி, சாமி மாதிரி கெடக்குது. இத்தப் போயி எடது கைப்பக்கம் வெச்சிக்கினு சுத்தறதா? கால் வரமாட்டுதுபா."

அதில் பொய் இல்லை. கோயில், குளம், தேர், அரசமரம், புதுசாக வாங்கிய ஆட்டோ என்று பிறந்ததிலிருந்து எதைச் சுற்றினாலும் வலமாகவே சுற்றிய கால்கள் அவை.

பரசுராமன் நின்று, எதிர்க்கரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "முனிசாமி, அங்க பாரு. புல்லு நெறம் மாறுது. அது நெலம் இல்ல. மூடி போட்ட தண்ணி."

"நானு கழனியில பொறந்தவன். சேறு எதுன்னு எனக்கு நீ சொல்றியா?"

அந்த 'நீ' கொஞ்சம் அழுத்தி விழுந்துவிட்டது. ஆனாலும் தனியாக விட மனசில்லாமல் பரசுராமன் பத்தடி பின்னால் நடந்து வந்தார்.

பலகையின் முதுகு தெரிந்தது. முனிசாமி அதைத் தாண்டினார். தரை முதலில் இலவம்பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கியது. பிறகு மெத்தை கிழிந்தது. கழனிச் சேற்றுக்கு ஓர் அடித்தரை உண்டு. முழங்கால் வரை போனதும் கால் எதிலாவது நிற்கும். இங்கே நிற்கவில்லை. பனிக்கட்டி மாதிரி ஒரு குளிர் இடுப்பைப் பிடித்தது. அறுபத்தைந்து வயது முனிசாமி "யம்மா" என்று குழந்தைபோலக் கத்தினார்.

பரசுராமன் குப்புறப் படுத்தார். தோளிலிருந்த சிவப்புத் துண்டை முறுக்கி வீசினார். "ஆடாத. கைய மட்டும் குடு. படு, என்ன மாதிரி படு" என்று அதட்டிக்கொண்டே இழுத்தார். பிடிமானத்துக்காகப் பின்னால் நீட்டிய கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டி முறுக்கிக்கொண்டது. டப் என்று ஒரு சத்தம். பரசுராமன் துண்டை விடவில்லை. முனிசாமி முழுதாகப் புல்மேல் வந்து விழுந்த பிறகுதான் அவர் வாயிலிருந்து முனகலே வந்தது. வனக்காவலர் ஓடி வந்து அவரை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார்.

ஊருக்கு வந்த மறுநாள் முதல் நடை. பூக்கூடையோடு ஏறிய கமலாட்சி கேட்டாள்: "பரசு அண்ணன் கால்ல கட்டாமே? இன்னா ஆச்சிண்ணே?"

ஆட்டோவில் பதினொரு பேர். தான் இடுப்பளவு சேற்றில் நின்று "யம்மா" என்றது முனிசாமிக்கு நினைவு வந்தது. வாயைத் திறந்தார். "அத்த ஏன் கேக்குற? நம்ம பரசு சேத்துல போய்ட்டான்மா" என்று வந்துவிட்டது.

பிறகு அது தானாக ஓடியது. "ஏரிய எடதா வெச்சிப் போடான்னா வலதா வெச்சிப் போறான். கழுத்து வரைக்கும் உள்ள. நானு துண்டைப் போட்டு இழுக்கறேன், வரல. அப்ப ஒரு யானை வந்துச்சி. என்னைப் பாத்துது, 'நீ ஒத்திப் போ'ன்ற மாதிரி தலைய ஆட்டுச்சி, துண்டை வாங்கி ஒரே இழு. அப்புறம் நனைஞ்ச துண்ட எங்க காயப் போடறது? மரம் இல்ல, கொடி இல்ல. மூடுபனி மேலயே போட்டேன். அரை மணி நேரம் அப்படியே தொங்கிக்கினு இருந்துச்சிபா."

ஆட்டோ குலுங்கியது. கடைசியில் உண்மையைச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் கடைசி நிறுத்தம் வந்துவிட்டது. அடுத்த நடையில் யானைக்கு ஒரு குட்டி சேர்ந்தது.

கதை போன வேகத்துக்கு ஆட்டோ போனதில்லை. தை பிறந்ததும், ஐயம்பேட்டையில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த திருப்புட்குழி மாணிக்கவேல் ஒருநாள் பின்இருக்கையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டு வந்தார். "எல்லைக்கல்லுக்கா? பரசுராமன் வேணாம்பா. ஏரி எது சேறு எதுன்னு தெரியாத ஆளு. அவரு காட்டுற எடத்துல தோண்டினா யானைதான் வரும்." அவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

முனிசாமி அன்றைக்கே பரசுராமன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த பரசுராமனின் மனைவி அம்சா, "வாங்கண்ணா" என்றாள். எப்போதும் அதோடு வரும் "டீ சாப்பிடறீங்களா" இந்த முறை வரவில்லை. பரசுராமன் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைத்தடி.

"தப்புதான்பா" என்றார் முனிசாமி.

"கால் போனது போவட்டும். யானை வந்துச்சின்னு சொன்ன, சொல்லிக்கோ. ஆனா எடதா வெச்சிப் போவணும்னு சொன்னவன் நானு. நெறம் பாத்து சொன்னேன். அத்த எடுத்து நீ உன் பேர்ல போட்டுக்கின. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான முனிசாமி."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"என் பேருக்கு நானே சாட்சி சொல்லிக்கினு தெருத்தெருவா போவணுமா? கெடுத்தவன் நீ. போய்ச் சொல்லு. ஜனங்க நம்பினா நானு வந்து பக்கத்துல உக்கார்றேன்."

மறுநாள் முதல் முனிசாமி உண்மையைச் சொன்னார். உண்மையில் ஒரு குறை இருந்தது. அதை நடுவில் வெட்ட முடியாது. முத்தியால்பேட்டையில் இறங்குகிறவர்கள் பரசுராமன் எச்சரித்தது வரை கேட்டார்கள், அங்கே ஏறுகிறவர்கள் "யம்மா"விலிருந்து கேட்டார்கள். முழுதாகக் கேட்டவர்கள் கடைசி நிறுத்தம் வரை வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்துவிட்டு, "யானை எப்ப வரும்?" என்றார்கள்.

"யானை இல்லபா. சேத்துல போனது நானு. இழுத்தது அவன்."

"ஐயோ, இது புது மாதிரியா இருக்குதே!" என்று கமலாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எப்டிண்ணே, மூஞ்ச இப்டி வெச்சிக்கினு சொல்ற?"

சாமிமேல் சத்தியம் செய்தார். விரால் மீனுக்கும் இதே சத்தியத்தைத்தான் செய்திருந்தார்.

மாசியில் ஒருநாள் காலை, பரசுராமன் இப்போதெல்லாம் ஏறும் பஸ் வரவில்லை. ஐயம்பேட்டை நிறுத்தத்தில் கைத்தடியோடு அவர் நின்றிருந்தார். முனிசாமி வண்டியை அவர் காலடியில் நிறுத்தி, பக்கத்து இருக்கையிலிருந்த துண்டை அவசரமாக எடுத்தார். பரசுராமன் அந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு பின்னால் போய், கமலாட்சியின் பூக்கூடைக்கும் மாணிக்கவேலுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

முனிசாமி சொல்லத் தொடங்கினார். இந்த முறை எங்கேயும் நிறுத்தவில்லை. கை நீட்டியவர்களை ஏற்றாமலே போனார். ஏரி, இடது கை, பலகையின் முதுகு, புல்லின் நிறம், துண்டு, டப் என்ற சத்தம், எல்லாம். சொல்லி முடித்தபோது அவர் குரல் உடைந்திருந்தது. ஆட்டோவில் யாரும் சிரிக்கவில்லை. முதல் தடவையாக.

மாணிக்கவேல் மெதுவாகத் திரும்பினார். "இன்னா பரசு, இவன் சொல்றது நெசமா?"

தன் பேருக்குத் தானே சாட்சி சொல்ல மாட்டேன் என்றவரிடமே கேள்வி வந்து நின்றது. கண்ணாடியில் பரசுராமன் முகம் தெரிந்தது. அதில் முனிசாமி கண்ணை வைத்தபடியே ஓட்டினார்.

"எனக்கு எப்டிங்க தெரியும்?" என்றார் பரசுராமன். "நானுதான் கழுத்து வரைக்கும் சேத்துல இருந்தனே. யானையத்தான் கேக்கணும்."

ஆட்டோ சிரிப்பில் வெடித்தது. கமலாட்சி பூக்கூடையைக் கீழே விட்டாள். மாணிக்கவேல் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நாற்பது வருஷத்தில் பரசுராமன் சொன்ன முதல் பொய் அது. அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

கடைசி நிறுத்தத்தில் அவர் தடியை ஊன்றி இறங்கினார். முனிசாமி ஓடிப்போய் எதிரில் நின்று சிவப்புத் துண்டை நீட்டினார். "பரசு, உன் துண்டு. தொவைச்சி வெச்சிருக்கேன்."

பரசுராமன் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஈரமா இருக்குதுபா. பனி மேல போட்டு வையி. காயும்."

நடக்கத் தொடங்கினார். தடி ஒரு அடி, கால் ஒரு அடி. துண்டு காய்ந்துதான் இருந்தது; முனிசாமி அதை இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றார். பின்னால் புதிதாக ஏறி உட்கார்ந்திருந்த யாரோ குரல் கொடுத்தார்கள்: "அண்ணே, வண்டிய எடு. இன்னிக்கு இன்னா கதை?"