சுரங்கக் குளத்தின் அடியில்

கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவ்வளவு தெளிவு. நீர்ப் பரிசோதகிக்கோ அந்தத் தெளிவுதான் கெட்ட அறிகுறி. பாறையிலிருந்து கசிந்த அமிலத்தில் மீன் இல்லை, தவளை இல்லை, பாசிகூட முளைக்கவில்லை. சோதனைத் தாளை நனைத்ததும் குப்பென்று சிவந்தது.

அன்று சுண்ணாம்பு ஊற்றி அமிலத்தை முறிக்கும் வேலை தொடங்கவிருந்தது. கடைசி மாதிரி எடுக்க நடுக்குளத்துக்குப் போனவள், படகு விளிம்பில் குனிந்தபடியே உறைந்துபோனாள்.

அடியில் பல வருட இலைகள் மட்காமல் மெத்தையாய்க் கிடந்தன. அதன்மேல் ஒரு மஞ்சள் தலைக்கவசம். நெற்றியில் கோணலாக நீலக்கோடு. அதை வரைந்தவளே அவள்தான்.

"எங்க அண்ணனோடது," என்றாள். பதினோரு வருடம் முன்பு இதே சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் வாய் மென்றது.

"அப்பவே விழுந்திருக்கும்மா," என்றார் படகுக்காரர்.

"அப்பவேன்னா இலைக்கு அடியில இல்ல இருக்கணும்? மேல ஒரு இலைகூட இல்லையே!"

படகுக்காரர் படகைக் கரைக்குத் திருப்பினார்.

முக்குளிப்பவர்கள் இரண்டு நாள் தேடினார்கள். கவசம் மட்டுமே கிடைத்தது. அந்தத் தண்ணீர் இரும்பைச் சில மாதங்களிலேயே தின்று தீர்த்துவிடும். கவசத்தின் இரும்புக் கொக்கியோ ஒரு பொட்டுத் துரு இல்லாமல் பளபளத்தது.

குழிக்கரையில் தனியாக வசித்த அண்ணியிடம் கொண்டுபோனாள். அண்ணி அழவில்லை. வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

"உள்ள கொண்டு வராதே."

"அண்ணி, இது..."

"தெரியுது. உன் வீட்ல எனக்கு ஒரு மூலை கொடுப்பியா?"

சுண்ணாம்பு இறங்க இறங்கக் குளம் கலங்கி, செம்மண் நிறமாகி, மெல்லத் தெளிந்தது. மூன்றாவது வாரம் சோதனைத் தாள் பச்சைக்கு மாறியது. அமிலம் முறிந்தது என்று அவள் அறிக்கை எழுதிக் கொடுத்தாள்.

வேலை முடிந்ததும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தபடி, மறுநாள் அண்ணியை அழைத்துவரப் போனாள். அண்ணி கதவைப் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"போதும் அண்ணி, நல்லாத்தான் பூட்டியிருக்கு."

அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"உங்க அண்ணன்கிட்டயும் ஒரு சாவி இருக்கு," என்றாள்.