மழைக்கு முந்திய புல்

இன்றைக்கு இந்தச் சுற்றுலா உருப்படாது என்று சவேதாவுக்கு விடியும்போதே தெரிந்துவிட்டது. மரமுரேஷ் மலைகளின் வடக்குப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. தான் வழிகாட்டியாக வேலை பார்த்த, நகரத்துச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"கொர்னெல், இன்னைக்கு இந்த டென்மார்க்காரங்களை மரத்துல கட்டின மாதாகோயில் பாக்கக் கூட்டிட்டுப் போறேனே. எங்க அத்தான் புல்லறுத்துக் காயப் போட்டிருக்காரு. மழைக்கு முந்தி அள்ளிப் போர் போடணும்."

"இன்னைக்குப் புல்வெளின்னு சொல்லியாச்சு, புல்வெளிதான். அரிவாள நாலு வீச்சு வீசணும், களி திங்கணும், ஆடணும், ஆத்துல குளிக்கணும். உங்க அத்தான் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா நின்னா போதும்" என்றான் கொர்னெல்.

அத்தான் கவ்ரிலாவைச் சிரித்த முகமாக அக்கா யூலிகாவே கல்யாணத்தன்றுதான் பார்த்திருப்பாள். சவேதாவின் வேலை நிலைக்கட்டும் என்றுதான் அந்த மனுஷர் தன் நிலத்தில் வெளிநாட்டுக்காரர்களை விடுவதற்கே சம்மதித்திருந்தார்.

வேன் வந்து நின்றது. அலுவலகம் கொடுத்திருந்த பூவேலைச் சட்டையும் சின்ன வைக்கோல் தொப்பியும் போட்டுக்கொண்டு டென்மார்க்காரர்கள் எட்டுப் பேர் இறங்கினார்கள். சரிவு முழுக்கக் காய்ந்த புல் மணத்தது. கவ்ரிலாவும் யூலிகாவும் பல் வைத்த மரவாரிகளால் இழுத்து இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு அந்தக் குவியல்கள் மெத்தையாகத் தெரிந்தன. ஒருத்தி ஓடிப்போய் மல்லாக்க விழுந்தாள். அவளைப் படம் எடுத்தவனும் விழுந்தான். குவித்ததெல்லாம் மறுபடி சரிவில் இறைந்தது.

"இதுங்க உருள்றதுக்கா நான் முதுகொடிய அறுத்தேன்?" என்று கத்தினார் கவ்ரிலா.

"என்ன சொல்றாரு?" என்று பிர்கித்தே என்ற நெட்டைப் பெண் ஆசையோடு கேட்டாள்.

"நல்லா அனுபவிங்கன்னு சொல்றாரு" என்றாள் சவேதா. சொல்லும்போதே அவளுக்குத் தன் வாயின் மீது வெறுப்பு வந்தது.

காற்று திரும்பிவிட்டது. அக்கா ஒவ்வொரு முறை நிமிரும்போதும் வானத்தைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள். சவேதாவோ வந்தவர்களுக்கு ஒரு கையால் அரிவாள் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள், மறு கையால் யாரோ தொலைத்த கண்ணாடியைத் தேடினாள். நடுவில் ஒருவர் வந்து, களி எப்போது, அதில் வெண்ணெய் உண்டா என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் பிர்கித்தேயின் கணவன் மோர்டென் தன் ட்ரோனைப் பறக்கவிட்டான். அது வண்டிக் குதிரையின் தலைக்கு மேலே வந்து ரீங்கரித்தது. குதிரை மிரண்டு கிளம்ப, பாதி ஏற்றியிருந்த வண்டி சரிவில் இழுபட்டுப் போய் ஓடையோரம் குப்புறக் கவிழ்ந்தது. புல் தண்ணீரில் மிதந்து போனது.

குதிரையைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்த கவ்ரிலா வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்.

"இப்ப என்ன சொல்றாரு?" என்றாள் பிர்கித்தே.

சவேதா அவள் பக்கம் திரும்பினாள்.

"திட்டுறாரு. உங்களைத் திட்டுறாரு, உங்களைக் கூட்டிட்டு வந்த என்னையும் சேத்துத் திட்டுறாரு. இந்தப் புல்லு நனைஞ்சா பனிக்காலத்துல அவர் மாட்டுக்குத் தீனி இல்லை. இனிமே ஆட்டமும் கிடையாது, குளியலும் கிடையாது. வாரியை எடுங்க. இல்லேன்னா வேன்ல போய் உக்காருங்க."

பிர்கித்தே தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு ஒரு வாரியை எடுத்தாள். மற்றவர்களும் வந்தார்கள். மனசு நல்ல மனசுதான், கைதான் ஒத்துவரவில்லை. எதிர்க்காற்றில் புல்லைத் தூக்கித் தங்கள் முகத்திலேயே போட்டுக்கொண்டார்கள். நடுவில் நட்ட கம்பைப் பிடித்தபடி புல்போரின் மேல் நின்று மிதித்த கவ்ரிலா, "இந்தப் பக்கம் போடச் சொல்லு! ஐயோ, அந்தப் பக்கம் இல்ல!" என்று கத்தக் கத்த, மொழிபெயர்த்து மொழிபெயர்த்துச் சவேதாவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

ஒரு போர் முடிந்தது. இரண்டாவது இடுப்பளவு வந்தபோது மழை கொட்டியது. மிச்சமெல்லாம் கண்ணெதிரே நனைந்து தரையோடு ஒட்டியது.

வந்தவர்களோ மழையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கூச்சலிட்டார்கள். மோர்டென் ஓடிவந்து கவ்ரிலாவின் கையைக் குலுக்கி, தன் வாழ்நாளிலேயே இதுதான் சிறந்த நாள் என்றான். அதை மட்டும் சவேதா மொழிபெயர்க்கவில்லை.

திங்கட்கிழமை கொர்னெல் கூப்பிட்டான். வேலை போனது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"சவேதா, என்னம்மா பண்ணினே? வந்துட்டுப் போனவங்க ஆகா ஓகோன்னு எழுதியிருக்காங்க! நாட்டுப்புற ஆட்டமெல்லாம் எல்லா இடத்துலயும் இருக்காம், இதுதான் உண்மையாம். இனி சனிக்கிழமைதோறும் இதையே வெச்சுக்குவோம். ஆட்டத்தைத் தூக்கிடு."

"எதை வெச்சுக்கிறது? எங்க அத்தானோட புல்லு பாதி அழுகிட்டுக் கிடக்கு."

"நிஜ மழை எதுக்கு? மழை வருது மழை வருதுன்னு நீ கத்து, அவரு திட்டட்டும். மத்தது தன்னால நடக்கும்."

"அவரு வேடிக்கைக்குத் திட்டலை, கொர்னெல்."

"அதான் நல்லா வந்திருக்கு."

"என்னால முடியாது. வேற ஆளைப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள். நன்றாகத் திட்டியிருக்கலாம் என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சுள்ளென்று வெயில் அடித்தது. அக்காவோடு சேர்ந்து நனைந்த புல்லைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள் சவேதா. கறுத்துப்போன புல்லிலிருந்து புளித்த வாடை வந்தது. தேறுமா தேறாதா என்று கவ்ரிலா கைப்பிடி கைப்பிடியாக எடுத்து முகர்ந்தார். பெரும்பாலும் தூரத்தான் எறிந்தார்.

பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஒரு வேன் வந்து நின்றது. பூவேலைச் சட்டைகள் இறங்கின. சற்று நேரத்தில் அவர்களைக் கூட்டிவந்த யாரோ ஒரு பெண் கைதட்டிக் கத்த, எல்லோரும் வாரிகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடத் தொடங்கினார்கள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

"ஏன்டி இப்படி ஓடுறாங்க?" என்றாள் யூலிகா.

"மழை வருதாம்" என்றாள் சவேதா.

கவ்ரிலா அண்ணாந்து பார்த்தார். பிறகு மச்சினியைப் பார்த்தார். அவள் குனிந்து அடுத்த கொத்தைப் புரட்டினாள்.